டெல்பின் வாங்கிய குழாய்

பூவாடித்துறையில் நிலாவுக்குள் முதன்முதலாக விளக்கு தெரிந்த சாயங்காலத்தில் கரையில் ஒருவரும் அலறவில்லை, ஒருவரும் முழங்கால் போடவில்லை, கோவில் மணியை அடிக்கச் சொல்லி ஆள் ஓடவுமில்லை. குருசு நட்ட குருசடிப் பக்கம் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் தலையைத் தூக்கி, நிலாவின் கறுத்த பகுதிக்குள் மஞ்சளாக ஒரு பொட்டு அசைவதைக் கண்டு, கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கடலில் எந்த விளக்கைக் கண்டாலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்கள். அது யார் வள்ளம்?

விளக்கென்றால் வள்ளம்தான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வீட்டு விளக்கு நின்ற இடத்தில் நிற்கும், வண்டி விளக்கு ஒரே ஓட்டமாக ஓடும், வள்ளத்து விளக்கு மட்டும்தான் அப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு விடும் என்பது அந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். வள்ளம் இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும், மீன் இருக்கிற இடத்துக்கு நம்ம ஆள் போகாமல் வேறு யார் போவான், இதில் மலைக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு அடித்த புயல் கோழிக்கூட்டைத் தூக்கிப் பனைமரத்தில் மாட்டிவிட்டுப் போனது, ஐஸ் பெட்டிகளை அடுத்த ஊர்க் குளத்தில் கொண்டுபோய் மிதக்கவிட்டது. அப்பேர்ப்பட்ட காற்று ஒரு வள்ளத்தைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கி வைத்திருந்தால் அதைப் போய் யாரிடம் முறையிடுவது.

யார் வள்ளம் என்பதில்தான் சண்டை. பூவாடித்துறைக்காரர்கள் அந்தப் புயலில் போய்த் திரும்பாத ஜெர்வாசிஸின் வள்ளம், 'சந்தியாகப்பர்'தான் என்றார்கள், ஏனென்றால் கரையே வெள்ளை விளக்குக்கு மாறின பிறகும், கண் கூசுகிறது என்று சொல்லிப் பழைய மஞ்சள் பல்பையே தொங்கவிட்டுக்கொண்டு போன ஒரே ஆள் ஜெர்வாசிஸ்தான். பக்கத்துக் கரைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தூரத்தில் எல்லா விளக்கும் மஞ்சள்தான், எங்கள் ஊரிலும் இரண்டு வள்ளம் திரும்பவில்லை, நிலா என்ன உங்கள் ஊருக்கு மட்டும் பட்டா போட்டதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. வெறுங்கண்ணால் தீராத வழக்கு அது.

டெல்பின்தான் டெலஸ்கோப் வாங்குவது என்று முடிவு செய்தாள். டெல்பின் ஜெர்வாசிஸின் மனைவி. மனைவியா விதவையா என்பது மூன்று வருஷமாக அவளுக்கே விளங்காத சங்கதி. வாளையும் நெத்திலியும் வாங்கிக் காயப்போட்டு உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்கிறவள், ஒரு கூறு மீனைப் பார்த்த மாத்திரத்தில் காய்ந்தால் எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடுகிறவள், யாரிடமும் லேசில் ஏமாறாதவள். அப்படிப்பட்டவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று தெரியாமல், நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவாள். பூக்காரி அவள் வாசலில் கூடையை இறக்கவும் மாட்டாள், தாண்டிப் போகவும் மாட்டாள், கொஞ்சம் நின்றுவிட்டுப் போவாள்.

கடல் ஆளைத் திருப்பித் தராவிட்டால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. போனவனுடைய சட்டையையும் இடுப்பில் கட்டுகிற சாரத்தையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்து, பாட்டுப் பாடிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். சட்டைப்பெட்டி என்று அதற்குப் பெயர். ஒரே வள்ளத்தில் போனவர்கள் என்றால் வள்ளத்துக்காரன் வீட்டுப் பெட்டிதான் முதலில் கிளம்ப வேண்டும்; அவன் இறங்காமல் மற்றவர்கள் எப்படி இறங்குவார்கள். ஜெர்வாசிஸோடு நாலு பேர் போயிருந்தார்கள். நாலு வீட்டிலும் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு டெல்பினின் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். டெல்பினோ, புயலில் ஒதுங்கி எங்கேயோ பெயர் தெரியாத நாட்டில் கரையேறி, ஜெயிலில் கிடந்து, வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்த ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். உயிரோடிருக்கிற மனிதன் சட்டையை நான் எப்படி மண்ணுக்குள் வைப்பேன், அவர் செத்தது எனக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் அன்றைக்கே பெட்டியை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நாலு வீட்டில் மூன்று வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். நாலாவது வீட்டு வியாகுலம் பொறுக்கவில்லை. அவள் மகன் முடியப்பன், கல்யாணம் பேசி வைத்திருந்தவன், அந்த வள்ளத்தில்தான் போனான். அவள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே டெல்பின் வீட்டுக்கு வந்துவிடுவாள். மகன் கனவில் நனைந்த சாரத்தோடு வந்து நிற்கிறான், உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன் என்கிறான், முதலாளி இன்னும் இறங்கவில்லையே என்கிறான், உன் பிடிவாதத்துக்கு என் பிள்ளை எத்தனை நாள் ஈரத்தோடு நிற்பான் என்று அழுவாள். டெல்பின் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுப்பாள். அதையும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வியாகுலம் சாபம் விடுவாள்.

முதல் டெலஸ்கோப் ஜெர்வாசிஸின் தம்பி ததேயு கைபேசியில் தட்டி வரவழைத்தது. அட்டைப்பெட்டியில் சனிக்கிரகமும் வால்நட்சத்திரமும் வண்ண வண்ணமாக அச்சடித்து, இத்தனை நூறு மடங்கு பெரிதாக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒல்லியாக ஒரு குழாய், கொக்கு மாதிரி மூன்று கால்கள். யாராவது தும்மினால் நிலா பார்வையைவிட்டு ஓடிப்போனது, தேடிப் பிடித்தால் கஞ்சித் தண்ணிக்குள் பார்க்கிற மாதிரி கலங்கித் தெரிந்தது, பெரிதாக்கப் பெரிதாக்க இருட்டிக்கொண்டே போனது. எத்தனை மடங்கு என்று போட்டிருந்தானோ அத்தனை மடங்கு கலக்கம். ததேயு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டான். டெல்பின் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, கருவாட்டை நேரில் பார்க்காமல் எவனாவது வாங்குவானா, கிளம்பு என்று அவனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்லூரிகளுக்கு மைக்ராஸ்கோப் விற்கிற கடை அது. கடைக்காரர் காஜா மைதீன், சாவகாசமான மனிதர், என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். ததேயு வாய்க்கு வந்தபடி நட்சத்திரம், கிரகம் என்று இழுத்தான். டெல்பின் அவனைக் கையமர்த்தினாள்.

"நிலாவுல ஒரு வள்ளம் நிக்குது பாய். அதுல இருக்கிற ஆளுக மூஞ்சி தெரியணும். அதுக்கு எது தோதுப்படும்?"

காஜா மைதீன் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். கடற்கரைப் பக்கத்து ஆட்கள் எதைக் கேட்டாலும் காரணம் இருக்கும் என்று அனுபவத்தில் கண்டவர். "மூஞ்சி தெரியணும்னா பெருசாக்கிறது முக்கியமில்லம்மா. வெளிச்சம் வேணும். வெளிச்சத்தை அள்ளுற வாய் அகலமா இருக்கணும்" என்றார்.

அது டெல்பினுக்குச் சட்டென்று பிடிபட்டது. வாய் குறுகின வலையை எவ்வளவு நீளமாக முடைந்தால்தான் என்ன. அதற்குப் பிறகு அவள் சந்தையில் கூறு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரே விலையில் மூன்று இருந்தன. முதலாவது முன்பக்கம் லென்ஸ் வைத்தது, பித்தளைப் பூச்சு, பார்க்க லட்சணம்; வாய் சின்னது. இரண்டாவதில் மோட்டார் இருந்தது, பொத்தானை அமுக்கினால் தானாகவே திரும்பி நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்குமாம். நிலா எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒரு மோட்டார் சொல்ல வேண்டுமா, கொடுக்கிற விலை முழுக்க அதற்கே போகிறதே என்று ஒதுக்கிவிட்டாள். மூன்றாவது குட்டையாக, கொழுகொழுவென்று, ஒரு மரப்பெட்டிமேல் குந்தியிருந்தது. காலே கிடையாது, அதனால் ஆட்டமும் கிடையாது. விரலால் தள்ளினால் தள்ளின இடத்தில் நின்றது. வாய் மட்டும் சோற்றுப் பானை அகலம், அடியில் கண்ணாடி பளபளத்தது.

இதில் என்ன குறை, அதைச் சொல்லுங்கள் முதலில் என்று டெல்பின் கேட்டாள். காஜா மைதீன் ஒளிக்கவில்லை. கனம் அதிகம், பஸ்ஸில் குலுங்கினால் கண்ணாடி விலகும், பின்னாலிருக்கிற திருகாணிகளைத் திருகிச் சரிசெய்ய வேண்டும், பார்ப்பதற்கு முன்னால் வெளியில் வைத்துச் சூடு ஆறவிட வேண்டும். அப்புறம், எல்லாம் தலைகீழாகத் தெரியும். நேராகத் தெரிய இன்னொரு கண்ணாடித்துண்டு போடலாம், ஆனால் அது கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நேராகத் தெரிகிற மங்கல் முகமா, தலைகீழாகத் தெரிகிற தெளிந்த முகமா. தலைகீழாகவே இருக்கட்டும், கட்டுங்கள் என்றாள் டெல்பின்.

கொல்லையில் கருவாட்டுப் பரணுக்கும் ஓலை வேலிக்கும் நடுவில், மணலில் புதையாமலிருக்கப் பலகை போட்டு, ததேயு அதை இறக்கி வைத்தான். கரை அதைக் குழாய் என்றே கூப்பிட்டது. வளர்பிறை நாள், வெளிச்சம் முழுசாக அணையுமுன்பே நிலா ஏறிவிட்டது, ஊரே கொல்லைக்குள் வந்துவிட்டது. ஆனால் டெல்பின் பார்க்கவில்லை. அதற்கும் அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் ஏறிப் போன வள்ளத்தை மனைவி பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, அவள் கண் பட்டால் வள்ளம் கரையேறாது. அவள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வந்தாச்சா வந்தாச்சா என்று அடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். சந்தியாகப்பரில் போனவர்களின் மனைவிமார், டெல்பினையும் சேர்த்து நாலு பேர், வேலியைப் பார்த்துத் திரும்பி, நிலாவுக்கு முதுகு கொடுத்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வியாகுலம் தாயில்லையா, அவளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவள் குழாயை ஒட்டியே நின்றாள்.

முதலில் பார்த்தவர் ஏலம் கூவுகிற மிக்கேல். குனிந்து கண்ணை வைத்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சந்தியாகப்பர்தான், சிவப்புப் பெயிண்டு, விளிம்பில் நம்ம ததேயு ஒட்டின தகரம்கூடத் தெரிகிறது என்றார். பக்கத்துக் கரைக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மிக்கேல் குனிந்தபடியே, ஆட்கள் தலைகீழாக நின்று வலை இழுக்கிறார்கள் என்றார். மனைவிமார் வேலியைப் பார்த்தபடியே ஒவ்வொருவராகக் கேட்டார்கள். உன் ஆள் வலையில் நிற்கிறான், உன் ஆள் தண்ணீர் இறைக்கிறான், உன் ஆள் குனிந்துகொண்டிருக்கிறான் என்று அவர் சொல்லச் சொல்ல, முதுகுகள் குலுங்கின. டெல்பின் கடைசியாகக் கேட்டாள். மிக்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெர்வாசிஸ் சுக்கானில் இருக்கிறான், வேறெங்கே இருப்பான் என்றார்.

அன்றிலிருந்து டெல்பினின் கொல்லை இரண்டாவது கோவிலாகிப் போயிற்று. பெண்கள் பவுடர் போட்டுத் தலைசீவி வந்து நின்றார்கள், இங்கேயிருந்து அங்கே தெரிந்தால் அங்கேயிருந்தும் இங்கே தெரியாமலா போகும் என்று. பிள்ளைகள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டுமென்று பரண் கம்பில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். நிலாக்காலத்தில் மீன் படாது என்பதால் ஆம்பளைகளுக்கும் வேலை இல்லை. அவர்கள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிலா அடித்தாலே மீன் ஆழத்துக்குப் போய்விடுமே, நிலாவிலேயே நின்று வலைபோடுகிறவனுக்கு எப்படி மீன் படும் என்று விடிய விடியப் பேசக்கூடிய வழக்கு ஒன்றைக் கிளப்பி, தீர்ப்புச் சொல்லாமல் வைத்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் வந்தார், இளவயதுக்காரர், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார், அந்த ஞாயிறு பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, முறையாகப் பார்த்துவிட்டு, அந்த இடம் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எல்லை தாண்ட அனுமதி வாங்கியிருந்தார்களா என்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. அவரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ஆட்கள் உயிரோடிருக்கிறார்களா என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை. வலை இழுக்கிறவன் உயிரோடுதானே இருக்க வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். மூன்று வருஷமாகத் தண்ணீரும் சோறும் யார் கொடுத்தது என்று சிலர் நினைத்தார்கள். தேய்பிறை வந்து, நிலா இல்லாத ராத்திரிகள் வந்தால் கரை முழுக்க ஒரு மாதிரி ஆகிவிடும். பேச்சைக் குறைத்துக்கொண்டு, கதவைச் சீக்கிரம் சாத்திக்கொண்டு, அடுப்படியில் பாத்திரம் விழுந்தால்கூடத் திடுக்கிட்டுப் போவார்கள். நாலு மனைவிமாரும் அந்த நாட்களில் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போக மாட்டார்கள். டெல்பினுக்கு ராத்திரியில் மேலேயிருந்து வலை இழுக்கிற ஏலோலப் பாட்டு கேட்கிற மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் ஒன்றுமிருக்காது.

அப்புறம் மிக்கேல் செத்துப்போனார். பெரிய விஷயமில்லை, வயசான உடம்பு, காய்ச்சல் வந்தது, போய்விட்டார். ஊர் கூடி நல்லபடியாக அடக்கம் பண்ணியது. அடுத்த வளர்பிறையில் குழாயை வெளியில் வைத்து ஆறவிட்டு, முதல் ஆளாகக் குனிந்த வியாகுலம், நிமிரும்போது முகம் வெளுத்திருந்தாள். வள்ளத்தில் மிக்கேல் இருந்தார். மீன் குவியல்மேல் உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டி, ஏலம் கூவுகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், தலைகீழாக.

அதற்குமேல் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வள்ளத்தில் ஏறுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துபோயிற்று. வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் சத்தமில்லாமல் தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வியாகுலம் அன்றைக்குச் சண்டை போடவில்லை. வந்து டெல்பின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனியாவது பிள்ளைகளை இறக்கிவிடு என்று மட்டும் சொன்னாள்.

டெல்பின் சம்மதிக்கத்தான் இருந்தாள். சுக்கானில் அவர் இருக்கிறார், அந்த வள்ளத்தில் இருக்கிறவர்கள் செத்தவர்கள், கணக்கு நேராகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக அடைத்து வைத்திருந்த அழுகை வந்தது, அழுதுகொண்டே ஆசையில் கேட்டாள், என்ன சட்டை போட்டிருக்கிறார் என்று. நீலச்சட்டை என்றாள் வியாகுலம். அடுத்துக் குழாயிலிருந்து நிமிர்ந்த பெண்ணிடம் கேட்டாள். வெறும் பனியன் என்றாள் அவள். தாடி வளர்ந்திருக்கிறதா என்று ததேயுவிடம் கேட்டாள். மார்புவரை கிடக்கிறது மதினி என்றான். மழுமழுவென்று சிரைத்திருக்கிறாரே என்றார் இன்னொருவர், ததேயுவின் பதில் காதில் விழாதவர். டெல்பின் சந்தைக்காரி. ஒரே மீனுக்கு மூன்று பேர் மூன்று கதை சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்தாள். வேலிப்பக்கம் இருந்த முகத்தைத் திருப்பி, நிலாவைப் பார்த்து நடந்தாள். ததேயு குறுக்கே வந்தான், மதினி வேண்டாம், வழக்கத்தை மீறாதே என்றான், அவள் அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்து கண்ணை வைத்தாள். சாம்பல் நிறத் தண்ணீர். சிவப்பு வள்ளம், மேலிருந்து கீழாகத் தொங்கிக்கொண்டு. முடியப்பனைக் கண்டாள், மற்ற மூன்று பேரையும் கண்டாள், மிக்கேலைக் கண்டாள், அவர்கள் முகம் கைக்கெட்டும் தூரத்தில் தெளிவாக இருந்தது, நல்ல குழாயாகத்தான் வாங்கியிருந்தாள். சுக்கானில் யாருமில்லை. சுக்கான் தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. நாலு பேரும் வலையைக் கொஞ்சம் இழுப்பதும், நிறுத்துவதும், காலியாகக் கிடந்த அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவர்களும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள்.

சுக்கான் காலி என்று முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற பெண் கேட்கும்போது இல்லை என்று சொல்கிற நாக்கு அந்தக் கரையில் ஒருவருக்கும் இல்லை. இருக்கிறான், பின்னால் வருகிறான் என்றுதான் சொல்வார்கள், சொல்லித்தான் பழக்கம். வள்ளத்தில் இல்லையென்றால் உயிரோடிருக்கிறார். எங்கேயோ, ஏதோ ஒரு மண்ணில், சோறு தின்றுகொண்டு, தூங்கி எழுந்துகொண்டு, மூன்று வருஷமாக வராமல் இருக்கிறார். சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா, டெல்பினுக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. கண்ணை எடுக்காமல் நின்றாள். முடியப்பன் மறுபடியும் திரும்பி அந்தக் காலி இடத்தைப் பார்த்தான், அவன் சாரத்திலிருந்து தண்ணீர் மேல்நோக்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது கொல்லை முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வியாகுலம் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொய் சொன்ன கூச்சம் இல்லை, வெறும் கெஞ்சல்தான் இருந்தது.

"இருக்காக" என்றாள் டெல்பின். "சுக்கான்லதான் இருக்காக. நாளைக்குப் பெட்டிய எடுங்க."

மறுநாள் ஐந்து பெட்டிகள் கிளம்பின, அவள் வீட்டுப் பெட்டி முதலில். கட்டம் போட்ட பச்சைச் சட்டை ஒன்றை, கல்யாண நாளுக்கென்று எடுத்து ஒருதரம்கூடப் போடாததை, கடைக்காரன் மடித்த மடிப்புக் கலையாமல் அவளே உள்ளே வைத்தாள். நாலு பேரை இறக்கிவிட ஒரு சட்டைதானே, ஆள் அதற்குள் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஊர் ஓவென்று அழுதது, அவளும் அழுதாள், வளையலைக் கழற்றினார்கள், வெள்ளைச் சேலை கட்டினார்கள். அன்று ராத்திரி வியாகுலம் கனவில் முடியப்பன் வந்து, உலர்ந்த சாரத்தோடு உட்கார்ந்து சோறு கேட்டானாம். காலையில் ஓடிவந்து சொல்லிவிட்டு, டெல்பின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வளர்பிறையில் டெல்பினே குழாயைத் தூக்கி வெளியில் வைத்தாள். இப்போது அவள் விதவை, வேலியைப் பார்த்து உட்கார வேண்டிய அவசியமில்லை, யாரும் தடுக்கவில்லை. நாலு பேரும் இறங்கிப் போய்விட்டார்களா என்று பார்க்கத்தான் குனிந்தாள். வள்ளம் கறுத்த பகுதியின் ஓரத்துக்கு வந்திருந்தது, வலை ஏறிவிட்டது, நாலு பேரும் மிக்கேலும் அலுப்புத் தீர உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் பின்னால் திரும்பவில்லை. சுக்கானில் ஜெர்வாசிஸ் நின்றார். கட்டம் போட்ட பச்சைச் சட்டை, புதுசு, நெஞ்சின் குறுக்கே மடிப்பு அப்படியே தெரிந்தது. அவர் மட்டும் மெல்லத் திரும்பி, தலைகீழாக, நேரே குழாயைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லை. பாதி வேலையில் யாரோ கூப்பிட்டுக் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தவனுடைய முகமாக இருந்தது அது.

டெல்பின் பக்கத்திலிருந்த வியாகுலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, சத்தியமாச் சொல்லு. போன மாசம் அந்த எடம் காலியாத்தான இருந்துச்சு? நான் பெட்டிய எடுத்த பொறகுதான அவுக வந்திருக்காக?"

வியாகுலம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "காலியா எப்ப இருந்துச்சு தாயி? அன்னைக்கும் இருந்தாரே. நீயே பாத்துட்டு இருக்காகன்னு சொன்னியே."

டெல்பின் சுற்றிலும் பார்த்தாள். ததேயுவும், மூன்று பெண்களும், வரிசையில் நின்ற எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள், ஒரு முகம்கூடத் தடுமாறவில்லை. வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அடுத்து நின்றவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, குழாயில் கண்ணை வைத்தாள்.